ஒரு தடவைதான் கேட்பார்கள்

களமருதூர் சவரிமுத்துவின் மகள் விண்ணரசி கன்னியர் மடத்தில் சேர்ந்தபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து கோயிலே கதியென்று கிடந்தவள். ஆனால் மடகாஸ்கருக்குப் போய் ஊழியம் செய்யப்போகிறேன் என்று அவள் சொன்னபோதுதான் குடும்பமே வாயைப் பிளந்தது. உளுந்தூர்பேட்டையைத் தாண்டினாலே கட்டுச்சோறு கட்டுகிற குடும்பம் அது. அம்மா அந்தோணியம்மாள் மட்டும் நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஊர்ல இன்னா துண்ணுவாங்க?"

"சோறுதாம்மா. மூணு வேளையும் சோறாம்."

"அப்ப போ."

அம்மா அனுப்பிவிட்டாள், மடம் அனுப்ப வேண்டுமே! விண்ணரசியின் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கடல் தாண்டிப் போகச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டார்கள். தலைவி கூப்பிட்டு ஒரு தடவைதான் கேட்பார். போகிறேன் என்றால் போகலாம், தயங்கினால் அடுத்த ஆள். போன வருஷம் தலைவி மதர் ஜெசிந்தா அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். நம் பெண்ணுக்கு உள்ளுக்குள் மத்தாப்பு கொளுத்தியது போல இருந்தது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"எனக்கு இன்னாங்க மதர் தகுதி இருக்குது? என்னவிட நல்லவங்க எவ்ளோ பேர் இருக்காங்க."

அது வேண்டாம் என்று அர்த்தமில்லை. இன்னும் ரெண்டு தடவை கேளுங்கள் என்று அர்த்தம். களமருதூரில் பிறந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். மதர் கேட்கவில்லை. "சரிம்மா" என்றார். அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. விண்ணரசி அவளை வழியனுப்பிவிட்டு வந்து, துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து அழுதாள். பாவம், யார்மேல் கோபப்படுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வளர்ப்பு அப்படி. சவரிமுத்துவுக்குச் சொந்தமாகக் காணி நிலம் கிடையாது, எல்லாம் குத்தகைதான். இல்லாதவர் வீட்டுப் பிள்ளை பசியை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அந்தோணியம்மாளின் சட்டம். யார் வீட்டுக்குப் போனாலும், சாப்பிடச் சொன்னால், "இப்பதாங்க சாப்ட்டேன்" என்று சொல்லவேண்டும். மறுபடி சொன்னால், "வேணாங்க, வயிறு ரொம்பிக்கினு இருக்குது." மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான் இலைமுன் உட்காரலாம். சமவெளியில் எல்லோரும் இப்படித்தான், அதனால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. இழுப்பதற்கு ஆள் இருக்கிறவரை இந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

இந்த வருஷம் இன்னொரு வாய்ப்பு வந்தது. கள்ளக்குறிச்சி மடத்தில், மடகாஸ்கரில் பேசுவதற்கான பிரெஞ்சு வகுப்பு முடிந்திருந்தது. உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுகிற மாதிரிதான் விண்ணரசி பிரெஞ்சு பேசினாள், ஆனாலும் பாஸாகிவிட்டாள். மிச்சமிருந்தது மலைப் பயிற்சி. கல்வராயன் மலையில், கரியாலூரை அடுத்த ஒரு சிற்றூரில் ரெண்டு மாதம் பழக வேண்டும். ராத்திரி கரியாலூரில் சிஸ்டர்களின் வீட்டில் படுக்கலாம். பகலெல்லாம் ஊராரோடு காட்டு வேலை. போதனை கூடாது, பொருள் எதுவும் கொடுக்கக் கூடாது. மதியச் சோறு ஊரார் போட்டால் சாப்பிடவேண்டும், டிபன் டப்பாவும் கூடாது, கடையும் கூடாது. "அந்நிய ஊர்ல போய் எறங்கினா மொதல்ல நீ விருந்தாளி. குடுக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது, வாங்கவும் தெரியணும்" என்று மதர் சொல்லி அனுப்பினார். முடிவில் அவரே வந்து பார்ப்பார். ஊர் அவளைச் சேர்த்துக்கொண்டிருந்தால் மறுபடி கேட்பார். இல்லாவிட்டால் கள்ளக்குறிச்சியிலேயே மாணவியர் விடுதி வார்டன். குற்றமில்லாத வேலைதான், ஆனால் மடகாஸ்கர் இல்லையே.

ஊரில் முதலில் அவளைச் சேர்த்துக்கொண்டவள் காசியம்மாள். முப்பது வயதிருக்கும். வெடுக்கென்ற பேச்சு, அதைவிட வேகமான கை. அவளுடைய சாமைக் கொல்லையில் களை பிடுங்கிவிட்டு மதியம் வீட்டுக்குத் திரும்பினார்கள். மொச்சைக்கொட்டைக் குழம்பின் வாசனை வாசலுக்கே வந்தது.

"சிஸ்டரு, சோறு துண்றியா?"

"இப்பதாங்க்கா சாப்ட்டேன்" என்றாள் விண்ணரசி, வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டே.

காசியம்மாள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் தன் தட்டைப் போட்டுக்கொண்டு வந்து சாப்பிட ஆரம்பித்தாள். விண்ணரசி காத்திருந்தாள். இரண்டாம் அழைப்பு வரவில்லை. சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்க்கும்வரை அந்தப் பெண் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் வேடிக்கை.

மறுநாளும் அதேதான். அடுத்த நாள் வேறொரு வீட்டில், அங்கேயும் ஒரு தடவை கேட்டார்கள், இவளும் அதே பாட்டைப் பாடினாள். கொய்யாக்காயும் நெல்லிக்காயும் தின்று நாளை ஓட்டினாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இவளுக்கு ஒன்பது பறந்தும் கூச்சம் மட்டும் பறக்கவில்லை. ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் கரியாலூர் பஸ் நிறுத்தத்தில் இருந்த கடையில் போண்டா வாங்கி, இரண்டு கன்னமும் உப்ப அடைத்துக்கொண்டிருந்தாள். ரேஷன் பையோடு எதிரே வந்து நின்றாள் காசியம்மாள். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று!

"மத்தியானம் இப்பதான் சாப்ட்டேன்னு சொன்னியே, இது யாரு வயிறு?" என்று கேட்டாள் காசியம்மாள். விண்ணரசி வாய் நிறைய போண்டாவோடு விழித்தாள். "எங்க வூட்டு சோறு உனுக்கு ஆவாது, கடை போண்டா ஆவும். அப்பிடித்தான?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். விடிந்தபோது ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. களை எடுக்கப் போகிற பெண்கள் அவளைக் கூப்பிடாமலே போனார்கள். போய் நின்றால் யாரும் திட்டவில்லை, யாரும் பேசவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. மலைக்காரர் சோற்றைத் தொடாத சமவெளிக்காரர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், இவளும் அந்தக் கூட்டம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது புரிந்ததும் விண்ணரசிக்கு அவமானத்தில் உடம்பே எரிந்தது. களமருதூரில் தண்ணீர்ச் செம்பை எட்ட வைத்துக் கொடுத்த வீடுகளை அவளும் அறிவாள். அந்த வலியைத் தன் கையாலேயே இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டோமே என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

மறுநாள் மதியம் காசியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். காசியம்மாள் கிழங்கு அரிந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். அதை உடனே கேட்டுவிட்டாள். அடுத்துச் சொல்லவேண்டிய சொல்தான் லேசில் வரவில்லை. பிறந்ததிலிருந்து யாரிடமும் அவள் சொல்லாத சொல்.

"அக்கா, பசிக்குது. சோறு போடுங்க."

அரிவாள்மணை நின்றது. காசியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"கை கழுவிக்கினு வா."

சாமைச் சோறும் குழம்பும் வந்தன. விண்ணரசி சாப்பிட்ட வேகத்தைப் பார்த்ததும் காசியம்மாளின் கோபம் போன இடம் தெரியவில்லை. "அடிப்பாவி, இவ்ளோ பசிய வெச்சிக்கினா வேணாம்னு சொன்ன? உனுக்குன்னு ஆக்கின சோத்த தெனம் கோழிக்குப் போட்டுக்கினு இருந்தேன்."

"எங்க ஊர்ல மூணு தரம் கேட்டாத்தான்க்கா சரின்னு சொல்லுவோம்."

"மூணு தரமா? ரெண்டு தரம் பொய் சொல்லணுமா, ஒரு வாய் சோத்துக்கு?" காசியம்மாள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "இங்க ஒரு தரம்தான் கேப்போம். வேணும்னா வேணும்னு சொல்லு."

அதன் பிறகு விண்ணரசியைக் கையில் பிடிக்க முடியவில்லை. எந்த வீட்டு வாசலில் நின்றாலும், "இன்னா கொழம்பு?" என்று கேட்டுவிட்டுத்தான் வணக்கமே சொல்வாள். ரெண்டு மாதத்தில் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

மதர் ஜெசிந்தா வந்த அன்று காசியம்மாள் வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். மதர் கண்டிப்பானவர், சிரிப்பை அளந்து செலவழிப்பவர். விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, மலைப்பாதையில் குலுங்கி வந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

"மதரு, சோறு துண்றீங்களா?"

"இப்பதாம்மா சாப்ட்டு வரேன்" என்றார் மதர்.

மதருக்குப் பிறந்த ஊர் உளுந்தூர்பேட்டைப் பக்கம்தான். காசியம்மாள் தலையாட்டிவிட்டுப் பானையை மூடப் போனாள். மதரின் கண்கள் பானையின் பின்னாலேயே போவதை விண்ணரசி பார்த்தாள்.

"அக்கா, மூடாதீங்க!" என்று கத்திவிட்டாள். "மதரு பொய் சொல்றாங்க. அவங்களுக்கும் பசிக்குது, போடுங்க."

தலைவியைப் பொய்க்காரி என்று சொன்ன பெண்ணை எந்த மடம் வெளிநாட்டுக்கு அனுப்பும்? போச்சு, வார்டன் வேலைதான் என்று விண்ணரசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மதர் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகப் பாயில் உட்கார்ந்து, "போடும்மா, காலைலேர்ந்து ஒண்ணும் துண்ணல" என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் மதரும் சேர்ந்துகொண்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கியவரும் அவரே.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மதர் கேட்டார்.

"மடகாஸ்கர்ல ஒரு எடம் இருக்குது. போறியா?"

எனக்கு என்னங்க தகுதி என்ற பழைய பாட்டு தொண்டைவரை வந்தது. விண்ணரசி அதை விழுங்கினாள்.

"போறேன் மதர்."

அன்று சாயங்காலம் களமருதூருக்குப் போன் போட்டாள். அந்தோணியம்மாளுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், திகைப்பு ஒரு பக்கம்.

"கேட்டதும் சரின்னுட்டியா? ரெண்டு தரம் வேணாம்னு சொல்லலியாடி?"

"இல்லம்மா. பசிச்சுது, வேணும்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் முந்தானையில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அப்ப சரி" என்றாள் அம்மா. "எங்க போனாலும் நீ பட்டினி கெடக்க மாட்ட."