அருவி விழுகிறது, புறப்பட்டு வரலாம்

குடும்பத்தோடு அதிகச் செலவில்லாமல் எங்கே போய் வரலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் என்னைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் அதற்கு ஒரே வழிதான்: போகிற ஊரில் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். நாங்கள்தான் அந்தச் சொந்தக்காரர்கள். குற்றாலத்துக்கு மூன்று மைல் தள்ளித் தென்காசியில் வீடு வாய்த்தவர்களுக்குச் சீசன் மாதங்களில் அந்த வீடு சொந்தமில்லை.

ஆனியில் மேல்காற்று வீசி, வெயிலும் தூறலுமாகச் சாரல் கட்டினால் போதும், பாசஞ்சர் ரயிலில் ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, ஜமுக்காளச் சுருட்டு எல்லாம் கூடவே வரும். தோளில் ஒரு துண்டும் பையுமாகக் கடையத்திலிருந்து நடந்தே வருகிற இளவட்டங்கள் கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டு, மோருக்கு மட்டும் எங்கள் வாசலில் நிற்பார்கள். எனக்கு அப்போது இருபது வயது. அத்தனை பேருக்கும் சோறு வடிக்கிற எரிச்சலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மோர் ஊற்றியிருக்கிறேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அருவியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளூரில் இருப்பவர்கள் தபால் கார்டு போட வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கோவில்பட்டிக்குப் போகிற கார்டில் மட்டும் நலம் விசாரிப்பு இருக்காது. "அருவி விழுகிறது, புறப்பட்டு வரலாம்." அவ்வளவுதான்.

கோவில்பட்டி என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர். எனக்கு முன்னால் அவளுக்குத்தான் வரன் அமைந்தது. கல்யாணப் பந்தியில் அப்பளம் தீர்ந்துபோனது. தங்கையின் மாமனார் (எனக்கும் மாமா முறைதான்) "அப்பளம் எங்கே?" என்று கேட்டார். அப்பா இருந்த அலுப்பில், "கல்யாணத்துக்கு வந்தீரா, அப்பளத்துக்கு வந்தீரா?" என்று கேட்டுவிட்டார். அத்தோடு சரி. மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சில்லை, தங்கையையும் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஆனால் கோபம் வேறு, குற்றாலம் வேறு. அருவிக்குப் பக்கத்தில் செலவில்லாமல் தங்க ஒரு வீடு இருக்கும்போது அதை யார் விடுவார்கள்? சீசனுக்கு மட்டும் மாமா குடும்பத்தோடு வருவார். வந்து அப்பாவோடு பேசாமலே நாலு நாள் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த நாலு நாளில்தான் எங்களுக்குத் தங்கையின் முகம் பார்க்கக் கிடைக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் ஆனி பாதி தாண்டியும் சாரல் இல்லை. அந்தச் சித்திரையில் அம்மாவுக்கு டைபாய்டு வந்திருந்தது. காய்ச்சல் விட்டும் எழுந்து நடக்கத் தெம்பில்லை, படுத்தே கிடந்தாள். சாயங்காலம் ஆனால், "அருவி விழுந்துட்டாட்டி?" என்று என்னைக் கேட்பாள். கேட்பது அருவியை அல்ல, மகளை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். "அம்மைக்கு ஒடம்பு சரியில்லன்னு எழுதலாமேப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். "நாமளாப் போயி அவர்ட்ட கெஞ்சச் சொல்லுதியா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே நான் ஒரு கார்டு எடுத்து, வழக்கமான அந்த ஒரே வரியை எழுதிப் பெட்டியில் போட்டேன். அவர்கள் வந்து சேர்வதற்குள் மழை பிடித்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மழை பிடிக்கவில்லை. அவர்கள் வந்துவிட்டார்கள். மாமா, அவர் சம்சாரமான அத்தை, தங்கை, தங்கை புருஷனின் அண்ணன் பிள்ளைகள் மூன்று பேர். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த தங்கை புருஷனுக்கு மட்டும் லீவு இல்லை. மலையை மேகம் மூடியிருந்ததால் அருவி யார் கண்ணிலும் படவில்லை. கார்டு போட்டது நான்தான் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அருவி வற்றிக் கிடப்பதைப் பேச்சில்லாத மாமாவிடம் அவராகச் சொல்லவில்லை. அவர்கள் முன்னால் அம்மா எப்படியோ எழுந்து, தலையை வாரிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள். ராத்திரி பக்கத்தில் படுத்த தங்கைக்குத்தான் அந்த உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது தெரிந்தது. காலையில், "எனக்குத் தலைவலி, குளிக்க வரல" என்று அம்மாவை விட்டு நகர மறுத்துவிட்டாள்.

மாமாவுக்கு ஒரு சிக்கனம் உண்டு. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்குக் காசு கொடுப்பது வீண் என்று, மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் கோவில்பட்டியிலிருந்தே கொண்டுவருவார். எங்கள் வீட்டிலேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, கோவணத்துக்கு மேல் ஒரு துண்டோடு வண்டியில் ஏறிவிடுவார். அன்றும் அப்படித்தான் ஏறினார். பிள்ளைகளுக்கும் தலை வழிய எண்ணெய். அப்பா வழக்கம்போல வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கடைசியாக ஏறிக்கொண்டேன்.

குற்றாலத்தில் போய் இறங்கினால் பாறைதான் இருந்தது. தண்ணீர் விழும்போது கண்ணில் படாத, பாறையில் செதுக்கிய லிங்கங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஓரத்தில் நூல் போல ஏதோ கசிந்தது. அதையும் ஒரு குரங்கு நக்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் சொட்டச் சொட்ட மாமா அண்ணாந்து பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார்.

"கார்டு எழுதுனது யாருன்னு கேளு."

"நான்தான் மாமா. எங்க அப்பாவுக்கு..." என்று தொடங்கினேன். 'தெரியாது' என்று சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எழுதச் சொன்னது நான்தான். அவ அம்மை படுத்த படுக்கையாக் கெடக்கா. சின்னவளப் பாக்கணும்னு தவிக்கா. கூப்பிட எனக்கு வாய் வரல. தப்பு எம்மேலதான்."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. தப்பு என்று ஒப்புக்கொண்டும் கேட்டதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில், எனக்காக, அத்தனை பேர் நடுவில் அன்றுதான் கேட்டேன்.

மாமா திரும்பிப் போய் வண்டியில் ஏறினார். மத்தியான ரயிலுக்கே கிளம்பிவிடுவார்கள், தங்கையையும் இழுத்துக்கொண்டு போவார்கள், இனி அருவியின் பெயரைச் சொல்லிக்கூட அவள் வர முடியாது, அந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன் என்று மூன்று மைலும் மருகிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா நேரே அம்மா படுத்திருந்த அறை வாசலுக்குப் போனார். தங்கை கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், பின்கட்டுக்குப் போய்க் கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்தார்.

"தண்ணி எறைக்கச் சொல்லு" என்றார் அத்தையிடம்.

நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்காத மனிதர், வாளி வாளியாக இறைத்து மாமாவின் தலையில் ஊற்றினார். நான் சீயக்காயைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

"போதும் அண்ணாச்சி. ஒமக்குக் கை வலிக்கப் போவுது" என்றார் மாமா. மூன்று வருடத்தில் நேருக்கு நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"காதுக்குப் பின்னால எண்ண அப்படியே இருக்கு, நல்லாத் தேயும்" என்று அப்பா அடுத்த வாளியை ஊற்றினார்.

"ரெண்டு வரி எழுதியிருந்தா அனுப்பியிருக்க மாட்டேனா?"

"அனுப்பியிருப்பீரு. எழுதத்தான் கை வரல."

உள்ளேயிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. சித்திரைக்குப் பிறகு அப்போதுதான் அவள் சத்தமாகச் சிரித்தாள்.

அதன் பிறகு மூன்று நாள் இருந்தார்கள். அருவி இல்லாத அந்தச் சீசனைப் போல ஒன்றை நான் திரும்பப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் பிளந்து நின்ற எங்கள் ஊர்க் கோயில் மொட்டைக் கோபுரத்தின் வாசலில், ஆளைத் தள்ளுகிற காற்றில் பிள்ளைகள் துண்டைப் பறக்கவிட்டார்கள். ஒருநாள் அம்மாவையும் தங்கையையும் வீட்டில் விட்டுவிட்டு, மற்ற எல்லோருமாகப் புளிச்சோறு கட்டிக்கொண்டு பாசஞ்சரில் செங்கோட்டை தாண்டிப் போனோம். குகைக்குள் ரயில் நுழைந்ததும் பிள்ளைகள் கத்தின கத்தலுக்கு மாமாவும் சேர்ந்து கத்தினார். மலைக்கு அந்தப்புறம் ஆரியங்காவில் இறங்கினால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வர வேண்டிய மழை அங்கேயே நின்றுவிட்டதுபோல இருந்தது. பிளாட்பாரத்தில் அப்பாவும் மாமாவும் சட்டையைக் கழற்றிவிட்டு நனைந்தார்கள்.

ஊருக்குக் கிளம்பும் நாள் தென்காசி ஸ்டேஷனுக்கு நான் தங்கையின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லோரும் ஏறியாயிற்று. தங்கை படியில் கால் வைக்கும்போது அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ எங்கட்டி ஏறுத? பெட்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ."

தங்கை மாமாவைப் பார்த்தாள். மாமா அப்பாவிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு தலையாட்டினார். ரயில் நகரத் தொடங்கியதும் அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, அருவி விழுந்தா எழுதாத. அம்மை எந்திரிச்சு நடந்தா எழுது. அப்பம் வாரோம்."

நன்றி என்று ஒரு வார்த்தை அவளிடம் நான் கடைசிவரை சொன்னதில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் போன ஐந்தாம் நாளே சாரல் கட்டி, பேரருவி வெள்ளையாகக் கொட்டியது. வாசலில் நின்றே பார்த்தோம், யாருக்கும் எழுதவில்லை. அம்மா தங்கையின் தோளை விட்டுவிட்டுத் தனியாகக் கிணற்றடி வரை நடந்தது ஆடி முடிகிற நாளில். அன்று சாயங்காலம் அப்பாவே உட்கார்ந்து, தன் கையால் ஒரு கார்டு முழுக்க எழுதினார்.