கிழிக்கப்பட வேண்டிய தாள்

"ஜூலை 17, வியாழன். 11.20: நான்காம் வகுப்பு ஆசிரியை பின்வாசல் வழியாக வெளியே போகிறார். 11.21: தலைமையாசிரியை அந்த வகுப்புக்குள். ஏழாம் வாய்ப்பாடு. 11.43: ஆசிரியை திரும்புகிறார். மூச்சு வாங்குகிறது. ரவிக்கை வலப்பக்கம் ஈரம். 11.44: தலைமையாசிரியை தன் அறைக்கு."

என் நீல அட்டை நோட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் இருப்பது இது. இது பிரதி. அசல் தாளை அன்று மாலையே தலைமையாசிரியை நான்காகக் கிழித்தார். கிழிப்பதுதான் முறை. பிரதி எடுத்தது முறையல்ல.

அப்போது நான் தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சியாளனாக இருந்தேன். முப்பது வருடம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவன். பள்ளிகளை நடத்துவது பற்றி வந்த புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தவன். பெங்களூரில் நாலைந்து சிறு பள்ளிகளை நடத்தும் ஒரு அறக்கட்டளை, மாதம் ஒருமுறை விவேக் நகர்ப் பள்ளிக்குப் போய்வரச் சொல்லி என்னை அமர்த்தியது. அங்கே ஒரு கணக்கு டீச்சரைப் புதிதாகத் தலைமையாசிரியை ஆக்கியிருந்தார்கள். ஐம்பதைக் கடந்தவர், அதே தெருக்காரர், இருபத்தாறு வருடமாக அதே பள்ளி. பதவி இன்னும் உறுதியாகவில்லை. நவம்பர் முடிவில் நிர்வாகம் தீர்மானிக்கும் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். உறுதியாகாவிட்டால் மறுபடியும் வகுப்புக்குப் போக வேண்டும், நேற்று வரை தனக்குக் கீழே இருந்த ஒருவரின் கீழே.

நான் செய்தது இவ்வளவுதான். காலை பிரார்த்தனை முதல் அவர் பின்னாலேயே நடப்பேன். நிமிடம் நிமிடமாக ஒரு தாளில் எழுதுவேன். மாலை மூன்றேகாலுக்கு அவர் அறையில் உட்கார்ந்து அதை அவருக்கே வாசித்துக் காட்டுவேன். யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும்தான். முடிந்ததும் தாளை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். வைத்துக்கொள்வதும் கிழிப்பதும் அவர் இஷ்டம். அந்தத் தாள் வேறு யார் கண்ணிலும் படாது என்று முதல் நாளே வாக்குக் கொடுப்பது வழக்கம். நானும் கொடுத்தேன்.

கேட்க இதமாகத்தான் இருக்கும். ஒரு மனிதரின் ஒரு நாளை நிமிடக் கணக்கில் அவர் முகத்துக்கு நேரே வாசித்துப் பாருங்கள், அப்போது தெரியும். "9.52: கையெழுத்து. 9.58: கையெழுத்து. 10.05: சாவி தேடுகிறார். 10.11: சாவி தேடுகிறார்." முதல் வருகையில் இதை வாசித்தபோது அவர் சிரித்தார். இரண்டாவதில் சிரிக்கவில்லை. மூன்றாவதில், நான் வாயைத் திறக்கும் முன்பே, "சாவிய ஆணில மாட்டிட்டேன் சார்" என்றார், வீட்டுப்பாடம் முடித்த பிள்ளை மாதிரி. அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்: "3.25: முகம் சிறுத்தது."

ஜூலைத் தாளை வாசித்த மாலை நன்றாக நினைவிருக்கிறது. பதினொன்று இருபதுக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"அந்த மிஸ்ஸுக்கு நாலு மாசக் கொழந்தை சார்," என்றார். "திருப்பத்தூர்லேருந்து கட்டிக்கிட்டு வந்த பொண்ணு. இங்க யாரும் இல்ல. பின் சந்துல வீடு, பக்கத்து வீட்டம்மா பாத்துக்கறாங்க. பாட்டில்ல வாய வைக்க மாட்டேங்குதாம். இருபது நிமிஷம், ஓடிப் போயி பால் குடுத்துட்டு வந்துடும். அதுவரைக்கும் நான் வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறேன்."

"பள்ளி நேரத்தில ஆசிரியர்கள் வெளிய போகக் கூடாதுன்னு நிர்வாகத்தோட உத்தரவு இருக்கில்ல?"

"இருக்கு. கேட்டா வேலைய விட்டுடுன்னுவாங்க. அதான் கேக்கல."

என் முறைப்படி அடுத்த கேள்வியைக் கேட்டேன். "இது ஒரு தலைமையாசிரியை செய்ய வேண்டிய வேலைன்னு நினைக்கிறீங்களா?"

"பதில கையில வெச்சிக்கிட்டு கேள்வி கேக்கறது நாங்க பசங்ககிட்ட பண்றது. எங்ககிட்டயே பண்றீங்களே சார்." பிறகு கையை நீட்டினார். "குடுங்க, கிழிச்சிடலாம்." கிழித்த துண்டுகளைக் குப்பைக்கூடையில் போடவில்லை, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அவ்வளவு கவனம். மதிய இடைவேளையிலேயே நான் அதை நீல நோட்டில் எழுதி முடித்திருந்தேன். எந்தத் தேதியையும் என்னால் தொலைக்க முடியாது. பேருந்துச் சீட்டைக்கூடத் தேதி எழுதி வைக்கிறவன்.

அவரிடம் முன்னேற்றம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அக்டோபரில் அவர் காகிதங்களை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டு, காலை முழுவதும் வகுப்புகளின் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு ஆசிரியையைத் திட்டாமல், அவர் கரும்பலகையில் எழுதியதையே காட்டிப் பேசினார். பதினொன்று இருபது ஏற்பாடும் தொடர்ந்தது. நான் மேற்கொண்டு அதைக் கேட்கவில்லை. எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

நவம்பரில் அறக்கட்டளையின் செயலாளர் என்னைத் தொம்மலூர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். செவ்வாய் என்று நினைத்திருந்தேன்; நோட்டு திங்கள் என்கிறது, நவம்பர் 24. செயலாளர் மூன்று தலைமுறையாகத் தொம்மலூர்க்காரர், வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இரண்டும்.

"பன்னி மேஷ்ட்ரே," என்றார். வாத்தியாரே, வாங்க என்று அர்த்தம். அவர் அதைச் சொல்லும் விதத்தில் மரியாதை இருக்காது. "ஆறு வாட்டி போயிருக்கீங்க. அங்க என்னதான் பண்ணீங்க? காபி நல்லா இருக்கா?"

முறையை விளக்கினேன். தாள், வாசிப்பு, கேள்வி.

"அந்தத் தாள் எங்க?"

"அவங்ககிட்ட குடுத்துடுவோம். கிழிச்சிடுவாங்க."

செயலாளர் பக்கத்தில் இருந்த குமாஸ்தாவைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியாப்பா? நாள் பூரா எழுதுவாராம், சாயங்காலம் கிழிச்சிடுவாங்களாம். சும்னே, வெட்டியா பஸ் ஏறிப் போயிட்டு வந்திருக்காரு. இப்ப அந்தம்மா வேணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணணும். இவரு சொல்றத வெச்சா? ரிட்டயர் ஆனவங்களுக்கு வீட்ல சும்மா உக்கார முடியல, நாம பொழுதுபோக்கு காட்டறோம்."

குமாஸ்தாவும் சிரித்தார். நான் பையைத் திறந்து நீல நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அந்த நோட்டு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. "எல்லாம் நிமிஷக் கணக்கில இருக்கு, பாத்துக்குங்க" என்றேன். என் குரலில் இருந்தது பெருமை. வேறு பெயர் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

அவர் புரட்டிக்கொண்டே போனார். முப்பத்தோராம் பக்கத்தில் நின்றார். "இது என்ன, ஈரம்? எதுக்கு ஈரம்?" நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பின் சந்து வீடு உட்பட. "அப்ப நாம நடத்தறது ஸ்கூலா, பால்வாடியா?" என்று கேட்டுவிட்டு நோட்டை மூடாமலே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, விவேக் நகர்ப் பள்ளிக்கு அவரோடு என்னையும் வரச் சொன்னார்கள். தலைமையாசிரியையின் அறை. அந்த இளம் ஆசிரியையையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்கள். செயலாளர் நீல நோட்டைத் திறந்து வாசித்தார். நான் வாசிக்கும் அதே தொனி, அதே இடைவெளி. நேரம், பிறகு செயல். என் குறிப்புகள் அப்படித்தான் வாசிக்க வரும். ஈரம் என்ற சொல் வந்தபோது அந்தப் பெண் சேலை முந்தானையை இழுத்து மார்பை மூடினார். அங்கே அப்போது எந்த ஈரமும் இல்லை.

"நான்தான் போகச் சொன்னேன்," என்றார் தலைமையாசிரியை. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்கள நான் அப்புறம் கேக்கறேன்மா. இந்தப் பொண்ணு சொல்லட்டும். தினம் எத்தன மணிக்கு?"

அந்தப் பெண் சொன்னார். செயலாளர் ஒவ்வொன்றையும் என் நோட்டோடு ஒத்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட பிசகவில்லை. "பரவாயில்ல மேஷ்ட்ரே, நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.

அந்தப் பெண்ணை வகுப்புக்கு அனுப்பிவிட்டுச் செயலாளர் கார் வரைக்கும் போன இடைவெளியில் நானும் தலைமையாசிரியையும் மட்டும் இருந்தோம். அவர் நோட்டைப் பற்றிக் கேட்கவில்லை, வாக்கைப் பற்றியும் கேட்கவில்லை.

"போனா வந்தான்னு எழுதுனீங்க, சரி. அவ ரவிக்கையப் பத்தி எதுக்கு சார் எழுதணும்?"

கண்ணில் பட்டது, எழுதினேன். வேறு காரணம் இருந்ததாக இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதுவே போதுமான பதில் என்று நினைத்த மனிதன்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் அந்த இளம் ஆசிரியை நின்றுவிட்டார். தலைமையாசிரியை பொம்மனஹள்ளியில் உள்ள இன்னொரு பள்ளிக்குக் கணக்கு டீச்சராகப் போனார், இரண்டு பேருந்து மாறி. சுற்றறிக்கையில் "சொந்த வேண்டுகோளின் பேரில்" என்று இருந்தது. அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டைத் திரும்ப வாங்க ஜனவரியில் தொம்மலூர் போனபோது, அந்தக் குமாஸ்தா வாசல்வரை வந்து வேறு ஒன்று சொன்னார். தலைமையாசிரியை நிஜமாகவே கடிதம் கொடுத்திருந்தாராம். பதவி வேண்டாம், வகுப்பே போதும், ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தினம் இருபது நிமிடம் அனுமதி கொடுங்கள் என்று இரண்டு வரி. அதன் தேதி நவம்பர் 20 என்று அவருக்கு ஞாபகம். அப்படியென்றால் நான் நோட்டை மேஜைமேல் வைப்பதற்கு நான்கு நாள் முன்பே அவர் பதவியைத் துறந்துவிட்டார். என் நோட்டு அவரைக் கவிழ்க்கவில்லை. ஆனால் செயலாளர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் என்னைச் சீண்டியிருக்கிறார், அதை வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண்ணை நிற்க வைத்து வாசித்திருக்கிறார் என்றும் ஆகிறது.

கடிதத்தைக் காட்டச் சொன்னேன். கோப்பு செயலாளரின் அலமாரியில் இருக்கிறது என்றார். தலைமையாசிரியையைக் கேட்கலாம்; கேட்கவில்லை. தேதி 20தானா, இல்லை நான் நோட்டைக் கொடுத்ததற்குப் பிந்தைய 26ஆ என்று குமாஸ்தாவே பின்னால் தடுமாறினார். இதை எழுதும் இன்றுவரை அந்தக் கடிதத்தை நான் பார்க்கவில்லை. தேதி சரிபார்க்கப்படவில்லை.