கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க

பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவனுக்கு நல்ல முழங்கால் வேண்டும், பொறுமை வேண்டும், 'அட்ஜஸ்ட்' என்ற இங்கிலீஷ் வார்த்தை வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவன் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே கடையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டேன். கடைகளில் காலம் தள்ளியவர்களுக்கு அதன் அருமை தெரியும். வந்தவர்களிடம் சொன்னதைவிட, வீட்டில் என் மனைவி சரோஜாவிடம் அதிகமாகச் சொன்னேன். வைகாசி கருட சேவையை என் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம்.

மெத்தையில் இடம்

ஆறு பேர் உட்காரும் மெத்தைக்கு, கல்யாணச் சேலை எடுக்கப் பதினோரு பேர் வருவார்கள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்கம்மா" என்றால் நெருங்கி உட்காருங்கள் என்று அர்த்தம். முசரவாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா அசையவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா, இது கடையா, ஷேர் ஆட்டோவா? இன்னும் நாலு பேர ஏத்திக்கினுதான் வண்டிய எடுப்பியா?"

வாசல் வெளிச்சம்

டியூப் லைட்டில் நிறம் ஏமாற்றும். அதனால் பிடித்த சேலையைக் கடைசியாக வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். ஏனாத்தூர்ப் பெண் ஒருத்திக்கு மயில் கழுத்து நிறம் பிடித்திருந்தது. மாமியாராக வரப்போகிறவருக்கு அரக்கு. இந்த மாதிரி நேரத்தில் யாரிடம் பேசினால் காரியம் சீக்கிரம் முடியும் என்று எங்களுக்குத் தெரியும். பெண்ணை வாசலுக்கு அழைத்துப் போய் அரக்கை வெயிலில் பிடித்தேன். "பெரியவங்க ஆசப்படறாங்க, நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றேன். மயில் கழுத்தை வாசலுக்கு எடுத்து வரவே இல்லை.

அரக்கைத்தான் வாங்கினார்கள். பையைக் கொடுக்கும்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அதையும் ஒருவாட்டி வெயில்ல காட்டியிருக்கலாம்ணா. கட்டலன்னாலும் பாத்துட்டாவது போயிருப்பேன்."

என் தோள்

சேலையை எங்கள் தோளில் போட்டுத்தான் முந்தானையைக் காட்டுவோம். ஒரு தீபாவளிக்குச் சரோஜாவுக்கு எடுக்கும்போதும், பழக்கதோஷத்தில், என் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். நான் கறுப்பு, அவள் நல்ல சிவப்பு. வீட்டில் பிரித்ததும் எனக்கே தப்பு தெரிந்தது. இந்த வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றேன். அவள் சேலையை மறுபடி என் தோளில் போட்டுவிட்டுச் சிரித்தாள்: "உங்களுக்குதான் எடுப்பா இருக்குது. நீங்களே கட்டிக்குங்க."

கருட சேவை

அன்று வெளியூர்க் கூட்டம் சாமி பார்த்த கையோடு கடைக்குள் வரும். அதனால் விடிந்ததுமே கடை திறந்துவிடுவோம். லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒவ்வொரு வைகாசியும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன்.

ஒரு வருஷம் அவளே வந்து கடைக்கு எதிரில் நின்றாள். மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. தெருவில் பத்தடி இறங்கினால் போதும். என் முன்னால் ஒரு குடும்பம், சுற்றிலும் பிரித்த சேலைகள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, நீ பார் என்று கையைக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். கருடன் மேல் பெருமாள் வரும்போது அவள் கும்பிட்டதை, கூட்டத்தின் இடுக்கில் கொஞ்சம் பார்த்தேன்.

அடுத்த மாசியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அந்த வைகாசியில் மேளம் கேட்டதும், சேலையை மடிக்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன விஷயம் என்று முதலாளி கேட்டார். சொன்னேன். அதற்கு அவர் சொன்னார்: "இத்தினி வருஷத்துல ஒருவாட்டி எங்கிட்ட கேக்கக் கூடாதாய்யா? அர மணி நேரம் போய்ட்டு வான்னு அனுப்பியிருக்க மாட்டனா? மத்தவங்க அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டாங்களா?"

ஊர் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிப் பிழைத்த நான், சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் சொல்லாமலே ஓய்வு பெற்றுவிட்டேன்.