பொடிக்கு ஏது திசை?

எம்.எஸ்ஸி. கடைசி வருட ப்ராஜெக்டுக்காகப் புதுச்சேரியில் நான் சேர்ந்த ஆய்வகத்தின் கதவில் ஒரு வரைபடம் லேமினேட் செய்து ஒட்டப்பட்டிருந்தது. வெப்பத்தை மின்சாரமாக்குவதில் எங்கள் டின் செலினைடு எவ்வளவு கெட்டிக்காரன் என்று காட்டும் கோடு அது. உலகத்தின் மற்ற ஆய்வகங்களுடைய கோடுகளெல்லாம் கீழே கிடக்க, எங்களுடையது மட்டும் மேலே. அதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். அந்த அவமானத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

டின் செலினைடு அடுக்கடுக்கான படிகம். பிளேடு பட்டால் ஏடு ஏடாக உரியும். ஏட்டின் நீளவாக்கில் மின்சாரம் சுகமாக ஓடும்; வெப்பமும் ஓடும். ஏடுகளுக்குக் குறுக்கே இரண்டும் திணறும். நமக்கு வேண்டியதோ மின்சாரம் ஓட வேண்டும், வெப்பம் ஓடக் கூடாது. ஆகவே இரண்டையும் ஒரே திசையில் அளந்தால்தான் கணக்குக்கு அர்த்தம்.

எங்கள் ஆய்வகத்தில் என்ன செய்தார்கள்? படிகத்தைப் பொடித்து, அந்தப் பொடியை அச்சில் போட்டு அழுத்திக் காசு மாதிரி வில்லை செய்தார்கள். அதன் முகத்தில் நான்கு ஊசி வைத்து மின்சாரத்தை அளந்தார்கள், அது நீளவாக்கு. அடியிலிருந்து லேசர் அடித்து மேலே வெப்பத்தை அளந்தார்கள்; அது குறுக்குவாக்கு. ஓடுகிற மின்சாரத்தையும் திணறுகிற வெப்பத்தையும் சேர்த்துப் போட்டால் யாருடைய கோடும்தான் வானத்துக்குப் போகும்.

இப்படி இரண்டு திசையில் அளக்கலாமா என்று வாரக் கூட்டத்தில் கேட்டேன். எங்கள் வழிகாட்டியான சார், வடையைச் சட்னியில் முக்கியபடியே சிரித்தார்.

“ஏம்மா, பொடிக்கு ஏது திசை? பொடி எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்.”

“அழுத்துறப்ப ஏடெல்லாம் படுத்துக்கும் சார். கலைஞ்சு கெடந்தா எக்ஸ்ரே படத்துல பல சிகரம் வரணும்; நம்ம படத்துல ஒரே ஒரு சிகரந்தான் உசரமா நிக்குது.”

“அது சுத்தத்துக்கு அடையாளம்.”

அறையில் டாக்டர் பட்டம் பெற்ற நான்கு தலைகளும் ஆடின. ஆடாத ஒரே தலை, ஐந்தாம் வருடமாக ஆய்வு செய்துகொண்டிருந்த அக்காவுடையது. அவள் ஆய்வேட்டின் பெரிய அத்தியாயமே அந்தக் கோட்டின் மேல்தான் நின்றது. சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்தாள்.

“ஏண்டி, வந்து மூணு மாசம் ஆவல. என் அஞ்சு வருசத்த வடையோட சேத்துத் தின்னுட்டியே.”

“நான் சொன்னது தப்பாக்கா?”

“தப்பா இருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். ஏறு வண்டியில.”

உழவர்கரையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். உயரமான அச்சு ஒன்று கடைய வேண்டும். உயரமான உருளை கிடைத்தால் அதை எந்த வாக்கிலும் அறுத்து, இரண்டையும் ஒரே திசையில் அளக்கலாம். நாங்கள் வரைந்த படத்தைப் பார்த்ததும் லேத்காரர் கேட்டார்:

“எந்தப் பக்கமா அழுத்தப்போறீங்க? குறி போட்டுத் தரவா?”

எங்கள் டாக்டர்களுக்கு இத்தனை வருடமாகத் தோன்றாத கேள்வி. நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. “பெரிசாவே போடுங்கண்ணே” என்றாள்.

முதல் இரண்டு உருளைகளும் அறுக்கும்போதே ஏடு ஏடாகப் பிளந்தன. திசை இல்லாத பொடியாம்! மூன்றாவது பிழைத்தது. நீளவாக்கில் அளந்தோம், குறுக்குவாக்கில் அளந்தோம். எப்படி அளந்தாலும் எங்கள் கோடு இறங்கி வந்து மற்றவர்களின் கும்பலுக்குள் உட்கார்ந்துகொண்டது.

புது அளவுகளை எழுதி அக்கா நீட்டிய தாளைச் சார் முழுதாகப் படிக்கவில்லை. “பழசே இருக்கட்டும்மா. யாரு கேக்கப்போறாங்க?”

அக்கா புதியதைத்தான் எழுதினாள். கதவிலிருந்த கோட்டை ஆய்வகம் வெளியிட்ட பழைய கட்டுரையைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு வரியும் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு சார் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் திசையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கதவிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர் அவர்.

“உங்க லேப்லயே இதவிட நல்லா வந்திருக்கே. உனக்கு மட்டும் ஏம்மா கொறைச்சல்?”

எழுதக் கூடாது என்றுதானே நிபந்தனை. அக்கா வாயால் சொன்னாள்:

“அவங்க மின்சாரத்த ஒரு திசையிலயும் வெப்பத்த இன்னொரு திசையிலயும் அளந்தாங்க சார். நான் ரெண்டயும் ஒரே திசையில அளந்தேன்.”

தேர்வாளர் சாரைப் பார்த்தார். சார் எழுந்து நின்று, “அதுதான் இந்த ஆய்வோட சிறப்பே” என்றார்.

அக்காவுக்குப் பட்டம் கிடைத்தது. படம் இன்னும் கதவில்தான் இருக்கிறது. அதைப் பார்த்து இந்த வருடமும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்களாம்.