இன்னும் ஒரு கோட்டிங்

மீன்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பிரஷர் குறையும் என்று ஹார்பரில் அப்பாவோடு வேலை செய்யும் யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பா அன்றைக்கே ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியும் நாலைந்து கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கி ஆட்டோவில் வந்து இறங்கினார். தொட்டியை எதன் மேல் வைப்பது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தார். ராயபுரத்தில் எங்களுடையது இரண்டே அறை. அதில் அம்மா பார்த்துப் பார்த்துத் துடைக்கும் தரை.

"கீழ ஒரு சொட்டுத் தண்ணி சிந்திச்சு, அத்தினியும் கொயம்பு வெச்சுடுவேன்" என்றாள் அம்மா. மீன்கள் குளியலறையில் ஒரு பெயின்ட் டப்பாவில் குடியேறின.

மேசை செய்யத் தேக்குதான் என்று அப்பா கிளம்பினார். நானும் அத்தையும் கூடப் போனோம். பழைய கதவு, ஜன்னல் விற்கும் கடையில் விலையைக் கேட்டதும் அவருக்குத் தேக்கின் மேலிருந்த பக்தி குறைந்தது. பக்கத்துக் கடைக்காரர் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைக் காட்டினார். வழவழவென்று கல்யாண மாப்பிள்ளை போல இருந்தது. அத்தை அதில் ஒரு துண்டை வாங்கி டம்ளர் தண்ணீரில் போட்டாள். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அது ஊறின ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது.

"மரைன் பிளைவுட் எடுண்ணா. மேல ஃபைபர் அடிச்சுட்டா கடல்ல போற போட்டு மாதிரி, தண்ணி உள்ள போவவே போவாது. அடிக்கிறவரு ஒருத்தரு காசிமேட்டுல கீறாரு" என்றாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் பில் போடும் வேலை. போட்டுக்கு ஃபைபர் அடிப்பவரை அவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்கவில்லை. அவருக்கு அன்று பலகையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

தச்சர் மேசையை அடித்துக் கொடுத்ததும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அந்த ஆள் வந்தார். நல்ல உயரம், மீசை, கையில் ஃபைபர் அடிக்கும் ரெசின் டின். பலகையின் ஓரம்தான் முதலில் தண்ணீர் குடிக்கும் என்று சொல்லி ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தார், என்னையும் தேய்க்கவிட்டார். பிறகு ரெசினைக் கலந்து பிரஷ்ஷால் இழுத்தார். அந்த நாற்றத்தில் வீடே கிறுகிறுத்தது. அத்தை டீ கொண்டு வந்தபோது மட்டும் பிரஷ் அந்தரத்தில் நின்று, ரெசின் அம்மாவின் தரையில் சொட்டியது. அம்மா ஏனோ திட்டவில்லை.

மறுநாள் மாலை அத்தை கூப்பிட்டாள். "அண்ணா, இங்க ஓட்டை கீது பாரு."

குனிந்து பார்த்தால், ஊசிமுனை அளவுக்கு இருந்தது. அடுத்த ஞாயிறு இன்னொரு கோட்டிங். அதிலும் ஓட்டை. அதற்கடுத்த வாரம் மூலையில் ஒரு கீறல். மேசை கனத்துக்கொண்டே போனது. நாங்கள் மீன்கள் பார்க்கப் பார்க்கக் குளித்துக்கொண்டிருந்தோம். அப்பாவின் பிரஷர் ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பொறுமையிழந்தார். "தம்பி, உனுக்கு வேலை தெரில. வுட்டுடு. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அந்த ஆளின் முகம் செத்துவிட்டது. "நான் ஃபைபர் அடிச்ச போட்டுல்லாம் நடுக்கடலுக்குப் போய்ட்டு வருதுண்ணா. ஒண்ணுலயும் ஓட்டை வுயுந்ததில்ல" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. உப்புத்தாள் கொடுத்த மனிதர். "அவரு மேல தப்பில்லப்பா. அத்ததான் டெய்லி காலைல கொண்டை ஊசியால குத்திக் குத்தி செக் பண்ணுது" என்றேன்.

அம்மா அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் சமையலறைக்குள் ஓடினாள். அங்கிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் வந்தது. அத்தை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா தங்கையைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார், பிறகு அந்த மேசையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அது கொஞ்சமும் அசையவில்லை.

"இன்னும் எத்தினி கோட்டிங் அடிக்கறதா உத்தேசம்?"

"அவங்க போதும்ன்ற வரைக்கும்ண்ணா."

அப்பா மேசையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு கண்டிப்பான குரலில் சொன்னார். "அடுத்த ஞாயித்துக்கெயம வா. தனியா வராத. அப்பா அம்மாவ இட்டுகினு வா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்தவர்களிடமும் பரீட்சையில் காப்பி அடித்தவர்களிடமும்தான் அப்படிச் சொல்வார்கள். அதைக் கேட்டு அழாதவர்கள் என் வகுப்பில் கிடையாது. மீசை வைத்த ஒரு பெரிய மனிதரை இப்படி அவமானப்படுத்தலாமா? அவர் கிளம்பியதும் மாடிப்படியில் பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அழாதீங்க அங்கிள். அம்மாவ மட்டும் இட்டுகினு வாங்க. அப்பா ஊருக்குப் போய்ட்டாருன்னு சொல்லிடுங்க. நான் அப்பிடித்தான் சொல்வேன்."

அவர் ரெசின் டின்னைக் கட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். பாவம், பயத்தில் மனிதருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.