குரங்கு மெசினும் நாகேஸ்வரியின் மனிசனும்

தில்லைநாதனைப் போல நல்ல மனிசன் வெள்ளவத்தையிலேயே கிடையாது, பக்கத்தில் இருப்பவன் அவரைவிட நன்றாக இல்லாதவரைக்கும். மேல் மாடிக்காரனுக்குக் கனடா விசா கிடைத்தபோது இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதே ஆளை விமான நிலையத்தில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்றதும் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அந்தக் கண்ணீரும் உண்மைதான், அதுதான் வேடிக்கை.

கொக்குவிலில் பிறந்து, புறக்கோட்டையில் ஒரு துணிக் கம்பனிக்குக் கணக்காளராக இருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கம்பனியை எரித்தார்கள். முதலாளி இந்தியாவுக்குப் போய்விட்டார். இவர் அகதிக் கப்பலில் ஊருக்குப் போய், ஊரிலும் ஷெல் விழத் தொடங்க, மனைவி நாகேஸ்வரியோடு திரும்பி வந்து காலி வீதிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தார். ஆனால் வேலை கிடைக்கவில்லை. கிடைத்தது நாகேஸ்வரிக்கு. மீரா சாஹிப் நடத்திய கூல்பாரில், சர்பத்தும் ஐஸ்கிரீமும் விற்கிற கடையில், காசாளர். கணக்காளர் வீட்டில் இருக்க, கணக்குப் படிக்காதவள் கல்லாவில் இருந்தாள். தில்லைநாதன் அதையும் எப்படியோ விழுங்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மீரா சாஹிப் ஒருகொடவத்தைப் பக்கம் யாரிடமோ பேசி அந்த மெசினை இறக்கினார். அலுமாரி உயரத்தில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு டீவி. மேல் தட்டில் ஒரு பெரிய குரங்கு நின்று பீப்பாய்களை உருட்டிவிடும். கீழே ஒரு குள்ள மனிசன். அவனை ஏணி ஏற்றி, பீப்பாய்க்கு மேலால் பாய வைத்து, உச்சியில் குரங்கு பிடித்து வைத்திருக்கும் பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக ரியூஷன் பெடியள் வகுப்பைக் கட் பண்ணினார்கள், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்காக லொட்ஜில் காத்திருந்தவர்கள் பின்னேரமெல்லாம் தவம் கிடந்தார்கள்.

தில்லைநாதனுக்கு அது கைவந்தது. கணக்கைப் போலவே வேகம். அதிக புள்ளி எடுத்தவர்களின் பெயரில் மூன்று எழுத்தை மெசின் வரிசையாகக் காட்டும். அணைத்தால் மறந்துவிடும் என்று மீரா சாஹிப் இரவிலும் அதை அணைப்பதில்லை. உச்சியில் இவருடைய எழுத்து. "அண்ணை விளையாடுறார், தள்ளுங்கடா!" என்று பெடியள் வழிவிட்டார்கள். கம்பனி எரிந்த பிறகு யாராவது அவருக்கு வழிவிட்டது அதுதான் முதல் தடவை. அறைக்குத் திரும்பி நடக்கும்போது சீழ்க்கை அடித்தார்.

அந்த உற்சாகத்தில்தான் நாகேஸ்வரியைக் கூப்பிட்டு, "நீரும் ஒருக்கா விளையாடிப் பாருமன்" என்றார். தன் வாயாலேயே கூப்பிட்டார், வேறு யாரைக் குறை சொல்வது? முதல் பீப்பாயிலேயே அவள் செத்துப்போனாள். கடை முழுக்கச் சிரித்தது. தில்லைநாதன் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார்.

ஆனால் கூல்பாரில் மத்தியானத்தில் ஈ காக்கை இருக்காது. "சும்மாதானே ஈக்கிறீங்க தங்கச்சி, வெளையாடுங்க" என்று மீரா சாஹிப் பெட்டியைத் திறந்து இலவசமாக ஓட விடுவார். அவளுக்கு அவசரம் கிடையாது. ஏணிக்குக் கீழே நிற்பாள். பீப்பாய் போகட்டும் என்று பார்ப்பாள். போன பிறகு ஏறுவாள். குரங்குக்கே அலுத்துப்போகும் போலிருக்கும். ஒரு மாதத்துக்குள் உச்சியில் அவளுடைய மூன்று எழுத்து ஏறிக் குந்திக்கொண்டது. தில்லைநாதன் இரண்டாவது.

"குருட்டு லக்" என்றார். அடுத்த கிழமையும் அதையே சொன்னார். பிறகு சொல்வதை விட்டுவிட்டு, சம்பலில் உப்புக் கூட என்றார், சேட்டுக்கு இஸ்திரி போதாது என்றார். நாகேஸ்வரி மறுபடி இஸ்திரி போட்டாள். அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு "இன்ரவியூ ஒண்டு இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு பம்பலப்பிட்டியில் இன்னொரு மெசினில் போய்ப் பழகினார். பழகப் பழக மோசமானது. வயிறு எரிகிறபோது கை எங்கே ஒழுங்காக ஓடும்? ஒருநாள் பஸ் தரிப்பில் ஒரு பெடியன் மற்றவனிடம், "இவர்தான்ரா, அந்தக் குரங்கு அக்கான்ர மனிசன்" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்று இரவு அவர் மனைவி பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

இப்படி இருக்கும்போது கொட்டாஞ்சேனையிலிருந்து ஹியூபேட் வந்தான். அங்கே அவன்தான் சம்பியனாம். வெள்ளவத்தையில் யார் இருக்கிறீர்கள், வாருங்கள் பார்ப்போம் என்று சவால். மீரா சாஹிப் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தைக் குறித்தார். தில்லைநாதன் தலையை வாரிக்கொண்டு நேரத்தோடு போனார்.

"தங்கச்சி வெளையாடட்டும் மாஸ்டர். நீங்க பக்கத்தில நிண்டு தைரியம் குடுங்க" என்றார் மீரா சாஹிப். அவர் மனதில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால்கூட இவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தில்லைநாதன் மெசினுக்குப் பக்கத்துச் சுவரோடு போய் நின்றார். முதலில் ஹியூபேட் ஆடினான். நல்ல விளையாட்டு. அவன் முடிக்க நாகேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். ஏணி ஏணியாக ஏறினாள். கடைக்குள் மூச்சுவிட இடமில்லை. "அக்கா! அக்கா!" என்று பெடியள் கத்த, ஹியூபேட்டே, "சும்மா சொல்லக்கூடாது, அக்கா பெரிய ஆள்தான்" என்றான். இன்னும் ஒரு தட்டு ஏறினால் அவனை முந்திவிடுவாள்.

தோற்றுப் போ, தோற்றுப் போ என்று தில்லைநாதனின் நெஞ்சு அடித்தது. கட்டின பெண்சாதியைப் பார்த்து! அவளுடைய சம்பளத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து! சுவரில் மெசினின் சுவிட்ச் அவருடைய தோளுக்கு நேரே இருந்தது. கை தானாக எழுந்து அதில் போய் நின்றது. விரல் அமத்தவில்லை. சத்தியமாக அமத்தவில்லை.

மெசின் டப்பென்று அணைந்தது.

"நான் ஓவ் பண்ணேல்ல!" என்று கத்தினார் தில்லைநாதன். "கடவுளாணை, நான் ஓவ் பண்ணேல்ல!"

தலைக்கு மேலே ஃபேன் சுழன்று சுழன்று நின்றது. ஐஸ்பெட்டியின் இரைச்சலும் நின்றது. எதிர்க்கடை ரேடியோவும் செத்துக் கிடந்தது. எங்கேயோ ட்ரான்ஸ்போமருக்குக் குண்டு வைத்தார்கள் என்று பிறகு கதைத்தார்கள். வெள்ளவத்தை முழுக்கவே கரண்ட் இல்லை.

"ரோட்டுக்கே கரண்ட் போயிட்டு மாஸ்டர்" என்றார் மீரா சாஹிப் மெதுவாக.

நாகேஸ்வரி திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இன்னும் சுவிட்சில் ஒட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள்.

"உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெடியள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. மெசின் எல்லோருடைய எழுத்தையும் மறந்துவிட்டு, புதிதாகப் பிறந்ததுபோலப் பாட்டுப் பாடியது.

"முதல்ல இருந்து ஆடுவமா அக்கா?" என்றான் ஹியூபேட்.

நாகேஸ்வரி செருகியிருந்த சேலைத் தலைப்பை எடுத்து விட்டாள். "இல்லைத் தம்பி. அவர் விளையாடட்டும். அவருக்குத்தான் ஆசை" என்றுவிட்டுக் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

மானமுள்ளவனென்றால் அந்த நேரத்தில் வாசலைப் பார்த்து நடந்திருப்பான். தில்லைநாதனுக்கும் அது தெரிந்தது. காது மடல் எரிய, எல்லோரும் பார்க்க, வந்து அவள் நின்ற இடத்தில் நின்றார். கைபிடியில் அவளுடைய வியர்வை இன்னும் காயவில்லை.

"ஹியூபேட் தம்பி," என்றார், "நான் முதல்ல விளையாடட்டோ?"