வெளிவீதிக்கு ஒரு பனித்தகடு

நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிறகு நாகமுத்துவுக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. எதை எடுத்தாலும், "இது எனக்குக் காணும்" என்பார்; இருக்கிற காலத்துக்கு இதே போதுமாம். சப்பாத்தின் அடி தேய்ந்தால் ஒட்டிப் போடுவார். மூக்குக்கண்ணாடி கீறிப்போனால், "இனி என்னத்தைப் பார்க்கப்போறன்" என்று அதையே துடைத்துப் போடுவார். அறுபத்திரண்டு வயதில் இது என்ன பேச்சு என்று கேட்டுக் கேட்டு மனைவி லலிதாவுக்கு அலுத்துவிட்டது.

அகதியாக ஜெர்மனிக்கு வந்தவர். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையிலேயே வயது போனது. நெஞ்சுவலிக்குப் பிறகு வேலையும் நின்றது. மிஞ்சியது கோயில் தொண்டு ஒன்றுதான். ஐஃபெல் மலைப்பக்கத்துச் சிறு பட்டணம் ஒன்றில், முன்பு டயர் அடுக்கிவைத்த கட்டிடத்தில்தான் அந்த முருகன் குடியிருக்கிறான். கோடையில் கோயிலின் பழைய புல்வெட்டும் டிராக்டரில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாகமுத்து வளவைச் சுற்றிவருவார். மாரியில் சவள் என்ற அகன்ற மண்வெட்டியால் பனி தள்ளுவார். அதைத்தான் டொக்டர் தடுத்துவிட்டார். சவளைத் தொட்டால் தன்னிடம் வரவேண்டாம் என்று அந்த மனிதர் முகத்துக்கு நேரே சொன்னார்.

லலிதா சும்மா இருந்தாளா? அவரை ஒப்பரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோதே நேர்த்தி வைத்துவிட்டாள். வருடாவருடம் திருவெம்பாவை பத்து நாளும் விடியப்புறம் வெறுங்காலோடு கோயில் வெளிவீதியைச் சுற்றுவதென்று. யாழ்ப்பாணத்து மார்கழியில் அது சுகமான குளிர். இங்கே பனியும் உறைந்த கல்லும்.

முதல் வருடமே காரியம் பிழைத்துப்போனது. நகரசபைச் சட்டப்படி உப்புப் போடக்கூடாது, 'ஸ்பிளிட்' என்ற கூரிய பொடிக்கல்தான் தூவவேண்டும். யாராவது சறுக்கி விழுந்தால் கோயில்தான் பொறுப்பு. கோயில் இளம் பெடியள் அரைகுறையாகத் தள்ளிவிட்டுப் போன பனிக்கு மேலே, ஒருவரும் விழக்கூடாது என்று வாளி வாளியாக அந்தக் கல்லைத் தூவியது வேறு யாருமல்ல, சாட்சாத் நாகமுத்துதான். நீரிழிவு, அதாவது சீனி வருத்தம், உள்ள லலிதாவின் உள்ளங்கால் கிழிந்தது. அந்தப் புண் ஆறச் சித்திரை பிறந்துவிட்டது. மருந்து கட்டும்போதெல்லாம் நாகமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"காலுறை போட்டுக்கொண்டு சுத்தட்டுமே," என்றார் கோயில் தலைவர் இராசலிங்கம்.

"முருகனுக்கு முன்னால சொன்னது வெறுங்காலெண்டுதான்," என்று லலிதா முடித்துவிட்டாள்.

நேர்த்தியை விடச் சொல்ல ஏலாது. மறுபடி கால் கிழிந்தால் காலையே எடுக்கவேண்டி வரலாம் என்று டொக்டர் பயமுறுத்தியிருந்தார். வழி ஒன்றுதான் இருந்தது. கல்லே தூவத் தேவையில்லாத அளவுக்குப் பனியைத் துப்புரவாக வழித்தெடுக்கவேண்டும். அதற்கு டிராக்டரின் முன்னால் பூட்டும் பனித்தகடு வேண்டும். ஆனால் கோயில் டிராக்டரை ஆக்கியவர்களே அதை மறந்து கனகாலம். அதற்குப் பொருந்துகிற தகடு புதிதாக எங்கும் இல்லை.

தேடித் தேடிக் கடைசியில் மலைக்கு மேலே ஒரு கிராமத்தில் பழைய தோட்ட இயந்திரங்கள் திருத்தி விற்கும் ஃபிராவ் லென்ஸ் என்ற பெண்மணியைப் பிடித்தார். இராசலிங்கமும் கூட வந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனிதர் அவர். கூட்டிப் போகாமலும் இருக்க முடியாது, கூட்டிப் போனால் வாய் மூடவும் மாட்டார்.

கொட்டிலில் இரண்டு தகடுகள் நின்றன. ஒன்று அகலமானது, செம்மஞ்சள் பூச்சு மினுங்கியது, அடிவிளிம்பு இரும்பு. மற்றது துருப்பிடித்தது, ஒரு பக்கம் நெளிந்தும் இருந்தது. அதன் அடியில் தடித்த ரப்பர் பட்டி பூட்டியிருந்தது.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? இரும்பை எடும்," என்றார் இராசலிங்கம். "ரப்பராலை பனி தள்ளுறது, கூட்டுற தும்புத்தடியாலை வயல் உழுற கதை."

நாகமுத்து இரண்டு தகடுகளின் அடியையும் தடவிப் பார்த்தார். இரண்டையும் பூட்டி ஓட்டிக் காட்டமுடியுமா என்று ஃபிராவ் லென்ஸிடம் கேட்டார். முதல்நாள் இரவு விழுந்த பனி முற்றத்தில் அப்படியே கிடந்தது. கோயில் வீதியில் பதித்த மாதிரியே சதுரக் கற்கள் பதித்த முற்றம். அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாதை வழித்தார். இரும்பு ஒரே இழுப்பில் கல்லைத் துடைத்துவிட்டாற்போல் எடுத்தது. ரப்பருக்கு இரண்டு ஓட்டம் தேவைப்பட்டது.

"நான் அப்பவே சொன்னனானெல்லே!" என்றார் இராசலிங்கம்.

நாகமுத்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். பிறகு காலுறையையும்.

"என்னப்பா செய்யிறீர்? அந்த மனிசி பாக்குது!"

"பொறுங்கோ அண்ணை."

வெறுங்காலோடு இரும்பு வழித்த பாதையில் நடந்தார். நாலு அடி போகவில்லை, சுரீரென்று குத்தியது. குனிந்து பார்த்தார். எங்கெல்லாம் ஒரு கல் மற்றதைவிடக் கொஞ்சம் உயர்ந்து நின்றதோ, அங்கெல்லாம் இரும்பு அதன் விளிம்பைச் செதுக்கிச் சில்லுச் சில்லாகப் போட்டிருந்தது. பிறகு ரப்பர் பாதையில் இறங்கினார். குளிர் உச்சிவரை ஏறியது. ஆனால் பட்டி உயர்ந்த கல்லில் வளைந்து ஏறிப் போயிருந்தது. ஒன்றும் குத்தவில்லை. அந்தக் குளிரில் நின்றபடியே, இதிலா லலிதா பத்து நாள் நடந்தாள் என்று நினைத்தார். காலை எடுக்க மறந்துபோனார்.

சுகமில்லையா என்று ஃபிராவ் லென்ஸ் ஓடிவந்தார். நாகமுத்து தன் தொழிற்சாலை ஜெர்மனில், மனைவி, கோயில், வெறுங்கால் என்று மூன்று சொல்லில் விளக்கினார். அம்மாள் குனிந்து அவருடைய சிவந்த காலைப் பார்த்தார்.

"இத்தனை வருடத்தில் இப்படிப் பார்த்து ஒருவரும் தகடு வாங்கியதில்லை," என்றார். "ரப்பர் தேயும். ஐந்தாறு மாரிக்கு ஒரு தடவை பட்டி மாற்றவேண்டும். இதற்கு அளவான பட்டி இரண்டு என்னிடம் மிச்சம் இருக்கிறது. எடுத்துப் போகிறீர்களா?"

"வேண்டாம்," என்றார் நாகமுத்து. "இது எனக்குக் காணும்."

திருவெம்பாவை தொடங்கிய அன்று விடியப்புறம் கணுக்கால் அளவு பனி. இராசலிங்கம் தேங்காயோடு வந்து நின்றார். புது வாகனத்துக்குச் செய்வதைப் பழைய தகட்டுக்கும் செய்யவேண்டாமா? தேங்காயை வீதியில் உடைக்க ஓங்கினார்.

"அண்ணை, சிரட்டைச் சில்லு!" என்று நாகமுத்து போட்ட சத்தத்தில் மனிதர் திடுக்கிட்டு, வாளிக்குள் வைத்து உடைத்தார்.

ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஓட்டம். வீதி ஈரமாக, வெறுமையாகக் கிடந்தது. உள்ளே பாட்டுத் தொடங்கியதும் லலிதா வெறுங்காலோடு இறங்கினாள். சுற்றி முடித்து அவள் படியில் உட்கார்ந்தபோது, நாகமுத்து போன் வெளிச்சத்தைப் பிடித்து அவள் உள்ளங்கால் இரண்டையும் தடவிப் பார்த்தார். சிவந்திருந்தது. ஒரு கீறல் இல்லை.

"உம்மடை நேர்த்தி இன்னும் எத்தினை வருசம்?"

"போன வருசமே கேட்பீங்கள் எண்டு பாத்தன்," என்றாள் லலிதா. "நீங்கள் இருக்கிற மட்டும்."

"விசரே உமக்கு? சீனி வருத்தத்தோடை..."

"அப்ப வீதியைத் துப்புரவா வைச்சிருங்கோ."

நாகமுத்து அவள் காலைத் தன் சால்வையால் சுற்றிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

பொழுது நன்றாக விடிந்ததும் ஃபிராவ் லென்ஸுக்குப் போன் எடுத்து, அந்தப் பட்டிகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டார்.

"இருக்கின்றன. ஒன்று அனுப்பவா?"

"இரண்டும்."

"பூட்டியிருக்கிற பட்டியே இன்னும் தேயவில்லையே!"

"தேயும்," என்றார் நாகமுத்து. "என் மனைவி கனகாலம் நடக்கப்போகிறாள்."